லட்டுவின் வாயில் சிவப்பு நூல்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இரும்புலியூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். ஒரே வீட்டை இரண்டு போர்ஷனாகத் தடுத்து விட்டிருந்தார் வீட்டுக்காரர். முன்பக்க வராந்தா மட்டும் பொது. ஒரு பக்கம் நான், என் கணவர், லட்டு என்கிற எங்கள் பூனை. இன்னொரு பக்கம் ஓர் அக்காவும் அவர் கணவரும்.

லட்டு மழைக்கு ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்ட மஞ்சள் பூனை. கல்யாணமாகி வந்த புதிதில், கணவர் ஆபீஸுக்குக் கிளம்பிய பிறகு எனக்குப் பேச்சுத் துணை அது ஒன்றுதான். பூனைக்கு விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டும் என்றெல்லாம் அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றும்? தையல் நூலின் நுனியில் காகிதத்தைக் கட்டித் தரையில் இழுப்பேன். பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். நூலைக் கண்டால் அதற்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன்.

அன்று சனிக்கிழமை. சாமி விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்கிறேன், வாசலில் அக்கா நிற்கிறார்.

"ஏம்மா, உன்னாண்ட ஊசி கீதா? புடவை ஃபால்ஸ் பிரிஞ்சிகினு தொங்குது. காலைல பூசைக்கு அதத்தான் கட்டணும்."

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு ஊசியை யார் கையிலும் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் கூடவே லட்சுமியும் போய்விடுவாள் என்று ஒரு நம்பிக்கை. அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு இது புதிது.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, வெளக்கு வெச்சாச்சு..." என்று இழுத்தேன்.

"வெளக்குக்கும் ஊசிக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கையில் கொடுத்தால்தானே தப்பு, அவராக எடுத்துக்கொண்டால் தப்பில்லையே என்று தோன்றியது. ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து, பளிச்சென்று கண்ணில் படட்டும் என்று நூலை நீளமாகத் தொங்கவிட்டு, வராந்தாவின் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தேன். "அக்கா, ஊசி வராந்தால இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க!" என்று கத்தினேன். அவர் வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டிருக்கும் என்று உள்ளே வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் ஊசி இல்லை. சாமியையும் விட்டுக்கொடுக்கவில்லை, அக்காவையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சமையலைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் காலையில் லட்டு பாலைத் தொடவில்லை. கருவாட்டு வாசனைக்கே காலைச் சுற்றுகிற பூனை, கருவாட்டை மூக்குக்கு நேரே நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. முன்னங்காலால் வாயைத் தேய்ப்பதும், எதையோ விழுங்கப் பார்ப்பதும், முடியாமல் தலையை உதறுவதுமாக இருந்தது. வாயைத் திறந்து பார்த்தோம். நாக்கின் மேலே ஒரு சிவப்பு நூல் கிடந்தது. அதன் மறுமுனை தொண்டைப் பக்கம் போயிருந்தது.

என் தையல் டப்பாவைக் கிளறி எடுத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். என் கணவர் அதற்கு மேல். "நூல்தானே? இழுத்தா வந்துடப் போகுது" என்றார். துண்டால் லட்டுவைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் நூலை லேசாக இழுத்தார். அது போட்ட அலறல் இருக்கிறதே, அப்பப்பா, தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"நீ கெட்டியா புடிச்சுக்கோ. ஒரே இழுப்பா இழுத்துடறேன்" என்று நூலை விரலில் சுற்றினார்.

சரியாக அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் அக்கா. பூசையிலிருந்து நேராக வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு ஊசி! ஒரே ஒரு ஊசி குடுக்க உனுக்கு மனசு வரல, இல்ல? ஊக்க குத்திகினு போனேன். சாமியாராண்ட நன்மை அப்பம் வாங்க எழுந்து போறேன், ஊக்கு பிச்சிகினு ஃபால்ஸ் கால்ல மாட்டி, அத்தினி பேர் முன்னால குப்புற வுழப் பார்த்தேன். மானமே போச்சு!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "வராந்தால வெச்சேனேக்கா! செவப்பு நூல் கோத்து வெச்சேன். நீங்கதானே எடுத்தீங்க?"

"நானா? நான் எங்க எடுத்தேன்? வராந்தால ஒண்ணுமே இல்லியே!"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் லட்டுவின் வாயைப் பார்த்தோம். என் கணவர் விரலில் சுற்றியிருந்த நூலை, கை சுட்டுவிட்டது போல விட்டார்.

"மாதாவே! ஊசி உள்ளயா கீது?" என்றார் அக்கா. அவர் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். பூனைக்காகவா இப்படி அழுவார்கள் என்று யாராவது கேட்கலாம். கேட்டுக்கொள்ளட்டும். அந்த வீட்டில் நான் தனியாக இருந்த பகல்களெல்லாம் அந்தப் பூனையோடுதான் கழிந்தன. அது செத்துவிடும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இருக்க மாட்டார். அக்காதான் சுதாரித்தார். "எங்க கோயிலுக்கு ஒரு மாட்டு டாக்டர் வருவாரு. சேலையூர்லதான் வூடு. இப்பதான் பூசைல பார்த்தேன். அழுதுகினு நிக்காத, கெளம்பு!" ஒயர் கூடையில் லட்டுவை வைத்து, மேலே துண்டைக் கட்டி, கணவரை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அக்காவும் நானும் ஆட்டோவில் ஏறினோம்.

"இன்னாக்கா, கூடைல கோயியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பூனைப்பா. ஊசிய முழுங்கிக்கீது."

"அய்யய்ய, பேஜாரா பூட்ச்சே!" என்றவர், அதன்பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் பிள்ளைத்தாச்சியை ஏற்றி வந்தவர் போல வண்டியை இறக்கி ஏற்றினார். போதாக்குறைக்கு ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போனது. அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

டாக்டர் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "நான் மாடு பார்க்கிறவம்மா. பூனையைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "நூலை இழுத்தீங்களா?"

"லேசா இழுத்தோம் சார். அப்புறம் விட்டுட்டோம்."

"அதோட விட்டீங்களே, பொழைச்சீங்க. வேகமா இழுத்திருந்தா ஊசி தொண்டையைக் கிழிச்சிருக்கும்."

மயக்க ஊசி போட்டார். டார்ச்சை என்னிடம் கொடுத்தார். பார்க்கப் பயந்து நான் கண்ணை மூடிக்கொண்டதில் வெளிச்சம் சுவரில்தான் அடித்தது. "குடு இங்க" என்று அக்கா பிடுங்கிக்கொண்டார். நாக்கின் அடித்தண்டில் குத்தி நின்றிருந்தது ஊசி. நீளமான இடுக்கியை உள்ளே விட்டு, நிதானமாகத் திருப்பி எடுத்தார். எவர்சில்வர் தட்டில் டங்கென்று விழுந்த சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது. ஊசி முழுசாக இருந்தது. நூலும் வயிற்றுக்குள் இறங்கவில்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால் அக்கா என்னைவிடப் பெரிதாக அழுகிறார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பூனையின் நாக்கில் இருக்கிற முள்ளெல்லாம் உள்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதில் நூல் மாட்டினால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியுமாம். "நூல், ரப்பர் பேண்டு, ரிப்பன், ஜிகினா எதையும் போட்டு வைக்காதீங்க. வெறும் நூல் உள்ள போனாலே குடலைச் சுருட்டிடும். பிங்பாங் பந்து குடுங்க, போதும்" என்றார்.

சாயங்காலம் லட்டு குடிகாரனைப் போலத் தள்ளாடி எழுந்து, ஆறிய மீன் தண்ணீரை நக்கிக் குடித்தது. நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தோம். அன்றே என் தையல் சாமான்களையெல்லாம் மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினேன். அதன் பிறகு பிங்பாங் பந்தை உருட்டி உருட்டி வீட்டையே இரண்டாக்கிக்கொண்டு, லட்டு பல வருஷம் எங்களோடு இருந்தது.

இப்போதும் ஒன்றை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அக்கா மனத்தாங்கலை மனசிலேயே வைத்துக்கொண்டு, உம்மென்று தன் போர்ஷனுக்குள் போயிருந்தால் என் கணவர் அந்த நூலை இழுத்தே இருப்பார். இன்றைக்கும் யாராவது கோபத்தோடு என் வீட்டுப் படியேறி வந்தால், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்று என் லட்டு பிழைத்தது அப்படி வந்த ஒரு சண்டையால்தான்.