பாறை எவ்வளவு தூரம்

இரண்டாம் தடவையாகப் பௌதிகப் பரீட்சைக்குப் படித்த அந்த வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. முதல் தடவை மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறினேன். பௌதிகத்தில் மட்டும் விழுந்தேன். அலை, ஒலி, ஒளி, இந்த மூன்றும் சேர்ந்து என் காலை வாரிவிட்டன. ராகலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு முறை தவறியவனுக்கு வகுப்பு வாங்குப் பலகையில் இடம் கிடையாது என்பதால் வீட்டில் இருந்தே படித்தேன். வீடு என்றால் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில், ஒரே ஒரு காம்பரா. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான், அலைநீளமும் மீடிறனும் அங்கேதான்.

பக்கத்துச் சுவர் கூரை வரை போகாது. அடுத்த காம்பராவில் யாராவது இருமினால் என் காதுக்குள் இருமியது போல இருக்கும். ஒலி தடையைத் தாண்டி வளைந்து வரும் என்று புத்தகம் சொன்னதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஒளிதான் பெரிய வில்லங்கம். குவிவு வில்லையால், அதாவது லென்ஸால், சூரிய ஒளியைத் தாளில் விழுத்திப் பார் என்று போட்டிருந்தது. என்னிடம் வில்லையும் இல்லை, மழை பிடித்துக்கொண்ட அந்த மாதங்களில் எங்கள் மலையில் சூரியனும் இல்லை. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை நிமிர்த்தி வைத்து, அம்மாவின் ஊசிகளைக் குத்தித் தெறிப்புக் கோணம் பார்ப்பேன். அம்மா ஊசி கேட்டால் பாடம் முடிந்துவிடும்.

அப்பாதான் தோட்டத்துக்குத் தப்புப் பறை அடிப்பவர். விடியுமுன் லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் நின்று அவர் அடித்தால்தான் ஆட்கள் எழுந்து பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, வருவார்கள். எல்லோரையும் எழுப்பிவிட்டு அவரும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறுவார். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். நான் சமைப்பேன், விறகு பொறுக்குவேன், தண்ணீர் சுமப்பேன், மீதி நேரத்தில் படிப்பேன். சாயந்தரம் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வாசலுக்கே வந்துவிட்டார்.

"வளந்த பய காம்பராவுல சும்மா குந்தியிருக்கான். நாளைக்குத் தொரை கேட்டா நான் என்ன சொல்றது? தோட்ட வேலைக்குப் பேரைப் பதிஞ்சு விடு."

"ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுத்துக்குங்க ஐயா," என்றார் அப்பா. "பாசாயிட்டான்னா எங்கயாவது வாத்தியார் வேலைக்குப் போயிருவான்."

"பாசாகாட்டி?"

பாசாகாவிட்டால் மறுநாளே பெரட்டில் நிற்க வேண்டும் என்று கணக்கப்பிள்ளையே சொல்லிவிட்டுப் போனார். ஒருமுறை பேர் பதிந்தவன் அதிலிருந்து வெளியே போனதை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து புத்தகத்தைத் திறந்தாலே அவர் குரல்தான் கேட்டது.

பழைய பள்ளிக்கூடத்து வாத்தியார் நல்ல மனுஷர். வழியில் கண்டால் நின்று சந்தேகம் தீர்த்து வைப்பார். தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இசைக்கவையை நான் கண்ணால் கண்டதே இல்லை என்றதும் அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "ஆய்கூடம் இல்லாட்டி என்ன, மலை இருக்கே," என்றார். எதிரே பாறை உள்ள இடத்தில் நின்று சத்தம் எழுப்பு, எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார், ஒலியின் வேகம்தான் புத்தகத்தில் இருக்கிறதே, பாறை எவ்வளவு தூரம் என்று கண்டுபிடி என்றார். எனக்கு உற்சாகம் வந்த ஒரே நாள் அதுதான்.

ராகலையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, செக்கன் முள் உள்ள தன் கைக்கடிகாரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கழற்றித் தந்தார். எங்கள் லயத்துக்கு நேர் எதிரே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய கல்மலை உண்டு. மேட்டில் நின்று கை தட்டினேன். பனிமூட்டம் சத்தத்தை விழுங்கிவிட்டது போல ஒன்றும் திரும்பி வரவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். தேயிலைக்குள் ஏதோ ஒரு நாய் மட்டும் பதில் சொன்னது.

படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். வாரத்தில் அவர் பகலில் படுக்கும் ஒரே நாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய்த் தப்பை எடுத்து வந்தார்.

"ஆளுங்க பெரட்டுன்னு நெனச்சு ஓடி வரப் போறாங்கப்பா," என்றேன்.

"பெரட்டு அடி வேற, சாவு அடி வேற. ஒத்தை ஒத்தையா விட்டு அடிச்சா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். நீ கடியாரத்தப் பாரு."

தப்பை நெருப்பில் காய்ச்சி அடித்தார். பாறை அழகாகத் திருப்பி அடித்தது. எதிரொலி வந்து விழும் அதே நேரத்தில் அடுத்த அடி விழ வேண்டும் என்று சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார். எத்தனை அடிக்கு எத்தனை செக்கன் என்று எண்ணுவதில் தவறினேன். மறுபடி அடித்தார். மறுபடி தவறினேன். முகம் சுளிக்காமல் வெகுநேரம் அடித்தார். கடைசியில் கணக்குச் சரியாக வந்தபோது சந்தோஷத்தில் நின்ற இடத்திலேயே குதித்தேன்.

எங்கள் தோட்டத்தில் அப்பா சொன்னதுதான் சரி. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பாறைக்குக் கீழே இன்னொரு தோட்டம் இருந்தது. அங்கிருந்தவர்களின் முன்னோர் தமிழ்நாட்டில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய வழக்கத்தில் விட்டு விட்டு அடிக்கும் ஒற்றை அடிதான் சாவுச் சேதி. அது அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிற்பகலில் பனிக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்டது. அம்மா துணி துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வளைவில் பெண்கள் தலைவிரி கோலமாக வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் ஆண்கள், தோளில் விறகுக் கட்டு, கையில் தேங்காய், பிணத்துக்குப் போர்த்தக் கோடித் துணி. பள்ளத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி மலை ஏறி வந்திருந்தார்கள். முன்னால் வந்த பெரியம்மா ஒருத்தி அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"யாரு ஆத்தா? பெரியவரா?"

அந்தப் பெரியவர், அதாவது அப்பா, தப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அழுகை அப்படியே நின்றுவிட்டது. நான்தான் சொன்னேன், பாறை எவ்வளவு தூரம் என்று பார்க்கத் தப்பு அடித்தோம், பரீட்சைக்கு என்று. அந்தப் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஈரக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப தூரம்ப்பா," என்றாள். "என் காலைக் கேளு, சொல்லும்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் அடி வாங்கத் தயாராக நின்றிருந்தேன். அவர்களோ அடிக்கக்கூடத் தெம்பில்லாத ஆட்கள். கிடைத்த ஒரே ஒரு ஓய்வு நாளை எங்களுக்காக நடந்து தொலைத்திருந்தார்கள். அம்மா பெரிய பானையில் தேத்தண்ணி வைத்தாள். சாவு வீட்டுக்கு என்று எடுத்து வந்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். விறகை எங்கள் வாசலிலேயே போட்டார்கள். தேங்காயை லயத்து ஓரத்து முனியாண்டி சாமி கல்லில் உடைத்து, கோடித் துணியை அங்கே மரத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். போகும்போது அந்தப் பெரியம்மா என் தலையில் கை வைத்து, "பாசாயிரு சாமி. இன்னொரு வாட்டி எங்கள நடக்க வைக்காத," என்றாள்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பார்த்து, "என்ன, செத்த மனுசன் வேலைக்கு வந்துட்டியா?" என்று கேட்டாராம். அம்மா சாயந்தரம் வந்து சொன்னாள்.

பரீட்சை நுவரெலியாவில் நடந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வினாத்தாளில் எதிரொலிக் கணக்கு வந்திருந்தது. அதை ஒரே மூச்சில் போட்டேன். அதற்கு அடுத்த கேள்வி பரிவுக் குழாய், அதற்கும் அடுத்தது வில்லை. மனப்பாடம் செய்த வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கதிர்ப்படம் வரையும்போது கோடு தாளின் ஓரம்வரை போய்விட்டதைப் பார்த்தும், அழித்து வரையக் கை எழவில்லை.

ரிசல்ட் வந்ததும் ராகலைக்கு நடந்து போய்ப் பார்த்தேன். பௌதிகத்தில் மறுபடியும் தவறியிருந்தேன். கடை நானா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "அதுக்கென்ன தம்பி, இன்னொரு தரம் எழுதுங்களேன்," என்றார். தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வரவில்லை. இனிப் படிக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாதான் சொன்னார்:

"நாளைக்கு நீ எந்திரிக்க வேணாம். கணக்கப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன். ஒரு நாள் நல்லாத் தூங்கு. நாளன்னைக்கி பெரட்டுக்கு வா."

தூங்கினேன். அந்த வருஷம் முழுக்கத் தூங்காததையெல்லாம் தூங்கினேன். விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. வேலைக்குப் போயிருக்க வேண்டிய அம்மா வாசலில் உட்கார்ந்து, அப்பா மழையில் வேலைக்குப் போர்த்திக்கொண்டு போகும் பழைய கறுப்புக் கம்பளியை இரண்டாக வெட்டி ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்ததைக் கண்டதும் ஒரு பாதியை என் தோளில் போட்டு, முதுகுப் பக்கம் இழுத்துவிட்டுப் பார்த்தாள்.

"நீளம் பத்துதா ராசா?" என்றாள்.

பத்தத்தான் செய்தது.