வெறுங்கைக்கு டீ கிடையாது

கெய்க் சுவான் அக்கா முதலில் கையைத்தான் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம். மலையேறி வந்தவர் மூச்சு வாங்கியபடி தகரக் கொட்டகைக்குள் கால் வைத்ததும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. இருந்தால் டீ. இல்லையென்றால் வந்தவர் எதிரே இருக்கும் கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஏன் என்று கேட்கிற துணிச்சல்காரருக்கு மட்டும் பதில் கிடைக்கும். "கீழ குழாய் இருக்கு. உனக்குக் கை இருக்கு. தூக்கிட்டு வர என்ன கேடு? வெறுங்கைக்கு டீ கிடையாது லா."

அடிவாரத்து ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ஏறுகிறவர்களுக்கு இது தெரிந்த சட்டம்தான். ஊற்றுத் தண்ணீர் வரும் குழாய் பாதி வழியில் இருக்கிறது. கொட்டகை அதற்கும் மேலே, அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனால்தான் கெண்டி நிறையும். சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது, காவல் காப்பது கெய்க் சுவான் அக்கா. ஒருமுறை டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர், பின்னால் இரண்டு பேர் விசிறாத குறையாக வர, கையை வீசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா அவர் கோப்பையையும் கவிழ்த்தார். டத்தோ சிரித்துக்கொண்டே எழுந்து குழாய்க்கு இறங்கிப் போனார். வேறு வழி?

அக்கா பிழைப்புக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார். சின்ன வெள்ளைக் கார், பக்கத்து இருக்கையில் அவருக்கென்று தனி பிரேக். சந்தையில் மீன் விற்கிறவர் முதல் பள்ளி வாத்தியார் வரை பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி உரிமம் எடுத்தவர்கள். நானும் அந்தப் பட்டாளத்தில் ஒருவன், கடைசி வரிசை. "சன்னாசி, நீ காரை ஓட்டல. கார்தான் உன்ன ஓட்டுது" என்பார். அவருடைய வலது கால் எங்கே உட்கார்ந்தாலும் சும்மா இருக்காது. பேருந்தில், அடுத்தவர் காரில், ஏன், தொலைக்காட்சியில் கார் வேகமாக வந்தால்கூட இல்லாத பிரேக்கை மிதிக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "யாரு ஓட்டுனாலும் நான் பிரேக் போடுவேன். எந்த ஆம்பள தாங்குவான்?"

விடிந்ததும் மலை, அதற்கப்புறம்தான் பாடம். காலில் ரப்பர் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்புச் சப்பாத்து, தலையில் நிறம் போன துணித்தொப்பி, தோளின் இரு பக்கமும் பெரிய தண்ணீர்க் கேன்கள். அட்டை கடித்தால் சுண்டி எறிந்துவிட்டு நடப்பார். அதனால் முதுகு வலி வந்தபோது, கேன்தான் காரணம் என்று நாங்களும் நினைத்தோம், அவரும் நினைத்தார். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஏறினார். காரணம் எலும்பு மஜ்ஜைக்குள் இருந்தது. புற்றுநோய்.

மருத்துவரிடம் போனபோது துணைக்கு நான் போயிருந்தேன். மருந்து கொடுத்து நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, ரத்தத்திலிருந்து அவருடைய குருத்தணுக்களையே பிரித்தெடுத்து உறைய வைப்பார்கள். கடும் மருந்து செலுத்தி மஜ்ஜையைத் துடைத்தெடுப்பார்கள். பிறகு எடுத்து வைத்ததை உடம்புக்குள் திரும்ப விடுவார்கள். மருத்துவர் படம் போட்டு விளக்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இன்ஜின் ஓவர்ஹால்."

"அப்படியும் சொல்லலாம்."

"ஸ்பேர் பார்ட்ஸ் ஒரிஜினல்தானே?"

"உங்களோடதேதான் ஆன்ட்டி."

"சரி. முடிஞ்சதும் நான் தண்ணி தூக்கிட்டு மலை ஏறணும்."

மருத்துவர் பேனாவை மூடினார். "முதல்ல உயிர் பிழைக்கிறதைப் பாப்போம்."

"நான் ரெண்டையும் ஒண்ணாத்தான் கேட்டேன்" என்றார் அக்கா.

கடும் மருந்து ஏறும்போது வாய் புண்ணாகாமலிருக்க ஐஸ் கட்டியை அடக்கி வைத்திருக்க வேண்டும். கன்னம் மரத்துப் போய், குழறிக்கொண்டே தாதி மிஸ்ஸி ரொஸ்னாவிடம் புகார். "ஐஸ் இருக்கு, காச்சாங் பயறு எங்க? சிரப் எங்க? இப்படிக் கடை போட்டா ஒரு நாளு ஓடாது." உறைய வைத்த அணுக்கள் உடம்புக்குள் போன அன்று, அவற்றோடு கலந்த மருந்தால் அறை முழுக்க அவித்த சோள வாசனை. அதற்கும் ஒரு பேச்சு. முடி கொட்டத் தொடங்கியதும் மலைத்தொப்பியை வரவழைத்தார். கொதிநீரில் அலசி உலர்த்திப் பையில் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். "ரூமுக்குள்ள என்ன வெயிலு ஆன்ட்டி?" என்றாள் ரொஸ்னா. "உன் லைட்டு போதாதா?"

இந்த நேரத்தில்தான் லிம் கெங் ஹுவாட் அந்தக் காரியத்தைச் செய்தார். கொட்டகையில் டீ போடுகிறவர், அக்காவை ஆ சுவான் என்றே கூப்பிடும் நாற்பது வருஷச் சிநேகிதர், நல்ல மனிதர், அவசரக்குடுக்கை. மலைத் தண்ணீர் குடித்தால் ஆ சுவான் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று, குழாயில் ஒரு சின்ன பாட்டில் பிடித்துக்கொண்டு நேராக வார்டுக்கே வந்துவிட்டார். மலைக்காரர்களுக்கு அந்தத் தண்ணீர் அமிர்தம். ரொஸ்னாவுக்கு அப்படி இல்லை.

"அங்கிள்! அவங்க உடம்புல இப்ப ஒரு காவக்காரன் கிடையாது. இதுல இருக்கிற ஒரே ஒரு கிருமி போதும், அவங்களக் கொண்டு போக. கொல்லப் பாத்தீங்களா?"

கெங் ஹுவாட்டின் முகம் செத்துவிட்டது. பாட்டிலைக் கைகழுவும் தொட்டியில் கொட்டப் போனார். அக்காவின் தனியறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுகிற சத்தம். சுவரில் இருந்த தொலைபேசியில் அக்காவின் குரல்.

"ஊத்தாத! யாரு தூக்கிட்டு வந்தத யாரு ஊத்துறது? வெளிய ஜன்னலோரமா வை. நான் பாக்குற மாதிரி வை."

"ஆ சுவான், என்ன மன்னிச்சிடு..."

"மூக்க உறிஞ்சாத. நான் எந்திரிச்சு வந்து, அதே பாட்டில தூக்கிட்டு மேல வர்றேன். அதுவரைக்கும் எவனும் தொடக் கூடாது."

ரொஸ்னா முணுமுணுத்தபடி அதன்மேல் அக்காவின் பெயர்ச்சீட்டை ஒட்டி, 'குடிக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதி வைத்தாள். அன்றிலிருந்து அக்கா மருந்துப் பை தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு கட்டிலிலிருந்து கண்ணாடி வரை நடந்தார். பாட்டிலைப் பார்ப்பார், திரும்புவார். மறுபடியும் நடப்பார். படுத்துக்கொள்ளச் சொன்னால், "படுத்து யாரு மலை ஏறுனா?"

பிறகு காய்ச்சல் வந்தது. நடை நின்றது, பேச்சும் நின்றது. ஒரு மத்தியானம் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், தொப்பி தரையில் கிடக்கிறது, அக்கா சுருண்டு கிடக்கிறார், துவைத்துப் போட்ட துணி மாதிரி. இவ்வளவுதான், போய்விடுவார் என்றே நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது போர்வைக்குள் ஏதோ அசைந்தது. வலது கால். விட்டு விட்டு, அழுத்தமாக, பிரேக் மிதித்துக்கொண்டிருந்தது. நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

காய்ச்சல் இறங்கியது. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் தலைகாட்டிவிட்டன என்று ரொஸ்னா ஓடிவந்து சொன்னாள். "ஸ்டார்ட் ஆயிடுச்சா? கியர் போடவா?" என்று கீச்சுக் குரலில் அக்கா கேட்டார். "நியூட்ரல்லயே கிடங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நின்று அழுதாள். வீட்டுக்குப் புறப்பட்ட அன்று சக்கர நாற்காலியை நான்தான் தள்ளினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் மிதித்தார். மடியில் அந்த பாட்டில்.

மண் தொடக் கூடாது, கூட்டம் கூடாது, மலை கூடவே கூடாது என்று மாதங்கள் போயின. வீட்டு வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் மருத்துவர் சம்மதித்தார். முகக்கவசம், சொந்தக் கோப்பை, எடை தூக்கவே கூடாது. "ஒரு சின்ன பாட்டிலு?" என்று கேட்டு, அவர் தலையசைக்கும் வரை நாற்காலியிலிருந்து எழவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஏறினோம். குழாயடியில் பழைய தண்ணீரைக் கொட்டி, பாட்டிலை அலசி, புதிதாகப் பிடித்துக்கொண்டார். பெயர்ச்சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் என் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டேன். வழியில் விழுந்துவிட்டால் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. முன்பு ஒரே மூச்சில் ஏறுகிற மேட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். எலும்பில் வலி என்பது முகத்தில் தெரிந்தது. கடைசிப் படிகளில் பாட்டிலை வாங்கக் கை நீட்டினேன்.

"கைய எடு. ஸ்டீயரிங் என்கிட்ட இருக்கு."

பாட்டில் அடுத்த கைக்கு மாறியது.

கொட்டகையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கெங் ஹுவாட், ஆவி பறக்கும் டீயோடு ஓடி வந்தார். "இன்னைக்கு உனக்குச் சட்டம் கிடையாது ஆ சுவான், மொதல்ல குடி!" அக்கா அந்தக் கோப்பையைப் பார்க்கவே இல்லை. அடுப்பிடம் போனார். கெண்டியின் மூடியைத் தூக்கி, பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும் வரை பிடித்துக்கொண்டு நின்றார். "கொதிக்கட்டும்" என்றார். அப்புறம்தான் பையிலிருந்து தன் கோப்பையை எடுத்தார். கெங் ஹுவாட், புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அடுப்பு எரிவாயு அடுப்பு.

பெஞ்சில் அவர் எதிரே உட்கார்ந்து, ஒரு கோப்பையை என் பக்கம் இழுத்தேன்.

அக்கா என் கைகளைப் பார்த்தார். இந்தக் கையைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஊசித் தழும்புகள் நிறைந்த தன் கையை நீட்டி, என் கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.