நிரஞ்சனா எந்த நாட்டுக் கணக்கு?

நிரஞ்சனாவுக்குக் கோபம் வந்தால் மின்தூக்கிகூட நடுவில் நிற்காமல் நேரே கீழே கொண்டுபோய் விட்டுவிடும் என்று சுவா சூ காங் வட்டாரத்தில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் பேச்சு. ஆனால் அலுவலகத்தில் அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கொள்ளுத்தாத்தா சிராங்கூன் சாலைப் பக்கம் எருமை மேய்த்தவர். அவள் பிறந்தது, படித்தது, ஓட்டுப்போடுவது எல்லாம் சிங்கப்பூரில்தான். லிட்டில் இந்தியாவை ஒட்டிய மென்பொருள் நிறுவனமொன்றில் குழுத்தலைவி.

அவள் குழுவில் காயல்பட்டினத்து அதீஃப் இருந்தான். கடைகளில் அட்டையைத் தட்டினால் பணம் போகிறதே, அந்த மென்பொருளை அவன்தான் கட்டி மேய்த்தான். அது தும்மினால் இவனுக்கு ஜலதோஷம் பிடிக்கும். இந்தியக் குடிமகனான அவன் இங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் வேலை பாஸ் முடியும் மாதம் வந்தது. புதுப்பிக்க விண்ணப்பமே போடப்போவதில்லை என்று மனிதவள அதிகாரி சேவியர் எல்லார் முன்னாலும் அவனிடம் சொல்லிவிட்டார். நிரஞ்சனா நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ஏன் சேவியர்?"

"ஒரே நாட்டு ஆளுங்க கூடிட்டா பாஸுக்கு அரசாங்கம் போடுற பாயிண்ட் கிடைக்காது லா. நம்மகிட்ட இந்தியர் ஆறு பேரு."

"ஆறா? அதீஃப், ஆயிஷா. மிச்சம் யாரு?"

சேவியர் விரல் மடக்கினார். "முகைதீன், அருண்ராஜ், அப்புறம் நீங்க. ஆறாவது…" சொல்லிக்கொண்டே போன விரல் அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டு நின்றுவிட்டது.

அடையாள அட்டையில் 'இனம்: இந்தியர்' என்றிருந்த சிங்கப்பூரர்களையெல்லாம், தன்னையும் சேர்த்து, இந்தியக் குடிமக்களாக எண்ணியிருக்கிறார் மனிதர்!

"ரெண்டு வருஷம் தேசிய சேவைன்னு துப்பாக்கி தூக்குனீங்களே, அது எந்த நாட்டுக்கு சேவியர்? டெல்லியிலேர்ந்து கூப்பிட்டாங்களா?" அந்தக் குரலுக்குக் கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. "ஏற்கெனவே வரம்பு மேல வரம்பு. அதுல உங்க கணக்கு வேறயா? ஒரு பையன் பொழப்புங்க அது!"

அன்றே விண்ணப்பம் போயிற்று. நிரஞ்சனா ஓடிவந்து அதீஃபிடம் சொன்னாள். அவன் தலை குனிந்தபடி இருந்தான்.

"பாலம் தாண்டி மலேசியாவுல, ஜோகூர்ல ஒரு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் அக்கா."

"அதான் திருத்தியாச்சே தம்பி!"

"கணக்கைத் திருத்திட்டீங்க. 'உங்க ஊரு ஆளுங்க ஜாஸ்தி'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரே, அதை யாரு திருத்துவா?"



அவன் இடத்துக்கு விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். வந்த உள்ளூர்ப் பிள்ளைகளை இரண்டு வங்கிகள் வாசலிலேயே கொத்திக்கொண்டு போயின. கடைசியில் மேலிடம் மென்பொருளைப் பராமரிக்கும் வேலையைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஆள்தான் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டக் கூடாது, வேலை தாராளமாகத் தாண்டலாம். நல்ல நியாயம்!

தீபாவளிக்குக் கடைகளில் அலைமோதிய கூட்டத்தில் மென்பொருள் படுத்துக்கொண்டது. பராமரிப்பு எண்ணை நிரஞ்சனா அழைத்தாள்.

"வணக்கம், அதீஃப் பேசுறேன்."

 என்ன ஆயிற்றென்று பார்க்க வந்து நின்ற சேவியர் பக்கம் தொலைபேசியைத் தள்ளினாள்.

"நீங்களே பேசுங்க. எத்தனையாவது இந்தியர் பேசுறதுன்னு கேட்டா, சரியா எண்ணிச் சொல்லுங்க."