கறுப்புத் திரைக்காரர்

பாத்திரம் துலக்குவது அவருடைய வேலை. கல்யாணமான புதிதில் அவராகவே எடுத்துக்கொண்டது, இன்றுவரை மனைவியிடம் விட்டுக்கொடுத்ததில்லை. முதலில் கண்ணாடித் தம்ளர்கள், பிறகு கரண்டிகள், கடைசியில் அடிப்பிடித்த பாத்திரம். அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் கவிழ்ப்பார். அந்த நேரத்தில் பின்னால் நின்று யார் என்ன கேட்டாலும் கை நிற்காது, வாய் திறக்காது. “உப்பு தீந்துபோச்சு, வெளிய போனா வாங்கிட்டு வர்றீங்களா?” என்று மனைவி காலையில் கேட்பாள். பக்கத்து வீட்டில் உப்பு வாங்கிச் சமைத்து, எல்லாரும் சாப்பிட்டு, அடுப்படியும் துடைத்தபிறகு, “கல் உப்பா, தூள் உப்பா?” என்று பதில் வரும்.

நடுவில் ஒரு ‘ம்’ மட்டும் கிடைக்கும். அது சரியும் இல்லை, வேண்டாமும் இல்லை. காதில் விழுந்தது என்பதற்கான ரசீது.

“அப்பாகிட்ட இன்னைக்குக் கேள்வி போட்டா நாளைக்குத்தாம்மா முளைக்கும்” என்பாள் கட்டிக்கொடுத்த மகள். அவள் போனில் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டு இவரும் சிரிப்பார், சற்றுத் தாமதமாக.

பிழைப்பு, சி மொழியில் புரோகிராம் எழுதுவது. வீட்டின் பின்னறைதான் அலுவலகம். கம்ப்யூட்டர் வாங்கியபோது கூட வந்த மவுஸ், வாலைச் சுருட்டிக்கொண்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கையில் கீபோர்டு. அவருக்கு அது போதும். கீபோர்டில் பாதி எழுத்துகள் தேய்ந்துவிட்டன. அவருக்குப் பழகிய பால் குளிரூட்டும் நிலையத்தில் ‘கறுப்புத் திரைக்காரர்’ என்றால்தான் தெரியும். அங்கே தொட்டிகளின் குளிரைக் கண்காணித்து, சூடு ஏறினால் மணி அடிப்பது இவர் எழுதிய புரோகிராம்தான்.

அதில்தான் போன மாதம் வம்பு வந்தது. ஆபரேட்டர், தொட்டி கழுவக் கட்டளை தட்டியிருக்கிறார். ‘எந்தத் தொட்டி?’ என்று திரை கேட்டிருக்கிறது. அதற்குள் வாசலில் லாரி வந்து ஹாரன் அடிக்கவே, பதில் தட்டாமல் எழுந்து போய்விட்டார். புரோகிராமும் அந்தக் கேள்வியைக் கேட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. பதில் வரும்வரை அது வேறெதையும் பார்க்காது. குளிரை அளக்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. ஒரு தொட்டிப் பால் திரிந்துபோயிற்று. பழி ஆபரேட்டர் தலையில் விழுந்தது. சண்டை போடாமல் போனிலேயே இவரைக் கேட்டாராம்: “நான் பதில் சொல்லலேன்னா என்னைத் திட்டட்டும் சார். அதுக்குப் பால் ஏன் சார் கெடணும்?”

அந்தக் கேள்வி இவரைக் குடைந்துவிட்டது. அன்றிலிருந்து பின்னறையை விட்டு அவர் வந்தது சாப்பாட்டுக்கும் பாத்திரத்துக்கும்தான். மனைவிக்குப் புரியும்படி அவரே ஒருநாள் விளக்கினார். தொழிலைப் பற்றி என்றால் தடையில்லாமல் பேச்சு வரும். “வாசல்ல யாராவது வந்திருக்காங்களான்னு எட்டிப் பாக்கணும். வந்திருந்தா வாங்கிக்கணும், இல்லேன்னா உடனே உள்ள வந்து நம்ம வேலையப் பாக்கணும். திரும்ப எட்டிப் பாக்கணும். கதவைப் புடிச்சிட்டே நின்னா அடுப்புல இருக்கறது என்னாகும்? அதான் விஷயம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “பாதி தட்டிட்டு ஒருத்தர் நிறுத்தினா, அந்தப் பாதியத் தூக்கிப் போட்டுறக் கூடாது. பத்திரமா வெச்சிருந்து, மீதி வந்ததும் சேத்துக்கணும்.”

“நல்லதுதான்” என்றாள் மனைவி. “எனக்கும் ஒண்ணு அப்படி எழுதிக் குடுங்களேன்.”

“ம்” என்றார்.

அவளுடைய அண்ணன் தனிக்கட்டை. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, கட்டிலைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஊரில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் விடுதி ஒன்றில் இடம் இருந்தது, மதியம் அவர்கள் வண்டி வரும். அதற்குள் தங்கை வீட்டில் ‘வா’ என்றால் இங்கே வரலாம். தங்கை எப்போதோ சொல்லிவிட்டாள். அண்ணன் கேட்கவில்லை. “உன் வீட்டுக்காரர் வாயால சொல்லட்டும். போன தடவை வந்திருந்தப்ப மூணு நாள் அவரோட பேசிப் பாத்தேன். சுவரோட பேசறதுக்கு என் வீட்டுச் சுவரே போதும்மா.” தவிர, படுக்க வைக்க இருந்தது பின்னறை ஒன்றுதான். அதில் மேசை இருந்தது.

வண்டி வரும் நாள் காலையில், அவர் தம்ளர் கழுவும்போது கேட்டாள். “அண்ணனை இங்க கூட்டிட்டு வந்துரலாமாங்க? மதியத்துக்குள்ள சொல்லணும்.” தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ‘ம்’ கூட வரவில்லை.

டீ கொண்டுபோய் வைக்கும்போது திரும்பக் கேட்டாள். ‘ம்’ வந்தது. அவர் கண்கள் திரையில் இருந்தன. தோளைப் பிடித்து உலுக்கலாம், கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கலாம். ஒரு தடவை பிடுங்கியிருக்கிறாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பச் செருகி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்று கிடைக்க வேண்டிய பதில் அடுத்த நாள் கிடைத்தது.

மூன்றாம் முறை போனைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள். “அண்ணன் லைன்ல இருக்காரு. ‘வாங்க மச்சான்’னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.” போனை அவர் காதருகே நீட்டினாள். அவர் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார், கொஞ்சம் இரு என்று. தூக்கிய விரல் திரும்பிக் கீபோர்டுக்கே போனது. அவள் போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தபிறகுதான் தன் காதில் வைத்தாள்.

“தட்டற சத்தம் நல்லாக் கேக்குது” என்றார் அண்ணன். வாதத்தில் நாக்கு கொஞ்சம் குழறியது. “பெரிய வேலையா இருக்கும். விடும்மா. வண்டி வந்துட்டுது.”

மதியச் சாப்பாடு மூடியே இருந்தது. வெயில் சாய்ந்தபிறகு பின்னறையிலிருந்து, “இந்தா, இங்க வா” என்று கூப்பிட்டார். குரலில் அபூர்வமான ஓர் உற்சாகம். போனாள். திரையில் ‘எந்தத் தொட்டி?’ என்ற கேள்வி பதிலில்லாமல் நின்றது. அதற்கு மேலே தொட்டிகளின் குளிர் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. “பாத்தியா? கேள்வி அது பாட்டுக்கு நிக்குது. வேலை அது பாட்டுக்கு நடக்குது. இனிமே அந்த ஆளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.”

நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். மூக்கில் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. பிறகு எழுந்து, ஜன்னல் பக்கச் சுவரை முழங்கையால் அளந்தார்.

“மச்சான் வரட்டும்மா. இதுல கேக்க என்ன இருக்கு? மேசையக் கூடத்துக்குத் தள்ளிட்டா கட்டில் தாராளமாப் பிடிக்கும். இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்தா வெளிச்சம் வரும், ரோட்டைப் பாத்துட்டிருக்கலாம். பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி அடிக்கணும், அதை நான் பாத்துக்கறேன்.” நின்று யோசித்தார். “எப்ப கூட்டிட்டு வரணும்? நானே வர்றேன்.”

மேசையில் காலை டீ ஆடை கட்டியிருந்தது. அவள் தம்ளரை எடுத்தாள். அது இருந்த இடத்தில் பதிந்திருந்த ஈர வட்டத்தை உள்ளங்கையால் துடைத்தாள். முழங்கையைச் சுவரில் வைத்தபடி அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தம்ளரோடு அறையைவிட்டு வெளியே போனாள்.