ஆற்றில் விட்ட குஞ்சுகள்

என் அண்ணனின் மீன் பண்ணை மோகனூருக்கு மேற்கே, காவிரியிலிருந்து பிரியும் வாய்க்காலை ஒட்டி இருந்தது. விரால் குஞ்சு வளர்த்து விற்பது அவர் தொழில். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அந்தக் கார்த்திகைக் குளிரில் அவர் தொலைபேசியில் பேசிய பேச்சில் நலம் விசாரிப்பு இல்லை.

“கண்ணு, மீனெல்லாம் புண்ணு புண்ணா மெதக்குது. நீ படிச்ச படிப்பு எதுக்காச்சும் ஒதவுமா?”

நான் போனபோது இடுப்பளவு நீரில் நின்று செத்தவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பும் உப்பும் மஞ்சளும் கொட்டிக் கொட்டி நீர் நிறம் மாறியிருந்தது. அண்ணி கரையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். தாய்மீன்கள் இருந்த குளத்தை மட்டும் நோய் இன்னும் தொடவில்லை. அதுவும் போனால் பண்ணை இல்லை.

மரணத்தைவிட அதன் சீர்மைதான் என்னை அச்சுறுத்தியது. கொள்ளை நோயிலும் சில உயிர்கள் தப்பும். இங்கே நோய் புகுந்த குளங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

உடலுக்குள் நுழையும் கிருமியை இனங்கண்டு பிடித்துக்காட்டும் மூலக்கூறுகள் எல்லா மீன்களுக்கும் உண்டு. அவற்றை ஆக்கும் மரபணுக்கள் மீனுக்கு மீன் வேறுபடும். ஆற்றில் அந்த வேறுபாடு ஏராளம். ஒரு மீன் தவறவிடும் கிருமியை மற்றொன்று பிடித்துவிடும். அண்ணனின் மீன்களோ அத்தனையும் ஒரே சோடியின் வழிவந்தவை. பண்ணை தொடங்கியபோது காவிரியில் பிடித்த சோடி அது. ஒவ்வோர் ஆண்டும் அதன் வாரிசுகளில் கொழுத்தவற்றைத் தாய்மீன்களாக நிறுத்திக்கொள்வார். வெளிமீனைச் சேர்த்தால் நோய் வரும் என்பது அவர் நம்பிக்கை. சில ஆண்டுகளாக அவற்றின் இடப்பக்கச் செவுள் மூடி குட்டையாகிச் செவுளின் சிவப்பு வெளியே தெரிந்தது. குஞ்சு வாங்க வருபவர்களிடம், “இதுதானுங்க நம்ம முத்திரை” என்று அதைப் பெருமையோடு காட்டுவார்.

இதே அண்ணன்தான், தம் மகளுக்கு வந்த அருமையான வரனை, பையன் வீட்டாரும் எங்கள் கூட்டம் என்று அறிந்த கணமே, குடித்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தவர். ஒரே மூதாதையின் வழிவந்த ஒரு கூட்டத்தார் எத்தனை தலைமுறை விலகினாலும் எங்களுக்குப் பங்காளிகள். பெண் கொடுத்து எடுப்பதில்லை.

“பங்காளிக்குப் பங்காளியக் கட்டி வெச்சிருக்கீங்கண்ணா” என்றேன்.

“மீனுக்கு என்னத்த கூட்டம்?” சிரிக்கப் பார்த்தார். பிறகு கூடையைக் கரையில் வைத்தார். “இப்ப என்ன பண்றதுங்கற, சாமி?”

“ஆத்து மீன் வேணும். மிஞ்சுன தாய்மீனோட சோடி சேக்கணும். மொதல்ல தனித்தொட்டில வெச்சுப் பாத்துட்டு.”

ஆற்றில் பரிசல் போட்டு மீன்பிடிப்பவரிடம் சொல்லி வைத்தோம். “ஏனுங்க, பண்ணைக்காரருக்கே மீன் பஞ்சமா? காவேரி மேக்க பாத்து ஓடுமாட்ட இருக்குதே!” என்று கேலி செய்தார். ஆனாலும் மறுநாள் பண்ணைக்கே ஒரு டிரம்மில் சில விரால்களைக் கொண்டுவந்தார்.

முதல் மீனை அண்ணன் தூக்கினார். இடப்பக்கச் செவுள் மூடி குட்டை. அடுத்ததும் அப்படியே. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

“இதுல என்னுங்க ஆச்சரியம்?” என்றார் பரிசல்காரர். “ஆடிப் பதினெட்டுத் தவறாம நீங்கதானே குடங்குடமாக் கொண்டாந்து உடறீங்க. ஆத்து மடுவுல கெடக்கறதெல்லாம் உங்க ஊட்டுப் புள்ளைங்கதான். எங்கூட்டுல கொழம்பு கொதிக்கறப்பல்லாம் உங்களத்தான் நெனச்சுக்குவோம்!”

உண்மைதான். ஆடிப்பெருக்கன்று பெண்கள் முளைப்பாரி விடும் படித்துறையில் அண்ணன் பித்தளைக் குடத்தைச் சாய்த்துக் குஞ்சுகளை விடுவார். ஆறு தந்த சோடிக்கு ஆற்றுக்கே நன்றி. குடம் காலியாகும்வரை கண்ணைத் திறக்கமாட்டார். அவர் வாழ்வில் அதைவிடத் தூய்மையான செயலை நான் கண்டதில்லை.

டிரம்மின் அடியில் மெலிந்த மீன் ஒன்று மிஞ்சியிருந்தது. இரண்டு செவுள் மூடிகளும் முழுமையாக இருந்தன. அண்ணன் அதைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தினார்.

“இது வேற கூட்டந்தானே, கண்ணு?”

“கண்ணால பாத்துச் சொல்ற விசயமில்லைங்கண்ணா.”

அவருக்கு வேண்டிய பதிலைச் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அதைத் தனித்தொட்டியில் விட்டோம்.

விடிந்தபோது தாய்மீன் குளத்தில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து நீந்தியது. வாலருகே காசளவு சிவப்பு. அண்ணி பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் மட்டும் தனித்தொட்டியின் ஓரத்திலேயே குந்தியிருந்தார். உள்ளே அந்த ஒற்றை மீன் சுவரை உரசிச் சுற்றிக்கொண்டிருந்தது.

“குளத்து மீனு இனி ஆவாது. இதுக்குச் சோடியும் ஆத்துலதான் தேடோணும்” என்றார். “ஆத்தோரமா மேக்கால, நம்ம பக்கத்து வேலூருக்கும் மேல போய்ப் பாக்கலாமா?”

“அங்கயும் உட்டிருக்கீங்களாண்ணா?”

தொட்டியில் மிதந்த தூசியை விரலால் எடுத்து எறிந்தார்.

“அங்க ஒருக்காத்தான் சாமி உட்டேன்” என்றார், தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவரைப்போல. பிறகு எழுந்து, காலி டிரம்மை வண்டியில் ஏற்றத் தொடங்கினார்.