கம்பி இல்லாத தட்டு

உங்கள் மனம் சுத்தமா, அழுக்கா என்று ஒரு விளக்கு தீர்ப்புச் சொன்னால் கட்டுப்படுவீர்களா? சிரிக்காதீர்கள். ஒரு தையல் கம்பெனியே தினமும் கட்டுப்பட்டது.

வாசலில் ஒரு பெட்டி. அதன் மேலிருந்த உலோகத் தட்டில் கை வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் மனசு சரியில்லையாம், வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவது சிவப்புக்கு வேலையே போய்விடும். பெட்டியைக் கொண்டுவந்தவர் சூப்பர்வைசர், முதலாளியின் மச்சான். படித்துப் பட்டம் வாங்கிய முதலாளி அதன் முன்னால் விழுந்து கும்பிடாத குறைதான். அதிசயம் பாருங்கள், கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டவர்களின் மனசு மட்டும்தான் தவறாமல் அழுக்காக இருந்தது!

சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண் ஒருத்தியை அங்கே எல்லோரும் பல்புக்காரி என்பார்கள். வீட்டில் சமையல் மேடையில் கலர் எல்.இ.டி. பட்டையை விரித்து, செல்போனில் பாடம் பார்த்து, அதை எரியவைக்கும் சின்ன போர்டுக்கு புரோகிராம் எழுதப் பழகியவள்.

"அடுப்ப எரிய விடுடி முதல்ல," என்பான் புருஷன்.

"உனக்குக் கை இல்லையா? பத்த வை."

முதல்முறை சிவப்பு எரியச் சொன்னாள், பச்சை எரிந்தது. தன் புத்தியைத்தான் திட்டிக்கொண்டாள். பிறகுதான் விளங்கியது: ஒரு வகைப் பட்டை சிவப்புக்கான கட்டளையை முதலில் வாங்கும், இன்னொரு வகை பச்சைக்கானதை. அந்த வரிசையைப் புரோகிராமில் மாற்றாவிட்டால் நிறம் இடம் மாறிவிடும்.

அவளுடைய தங்கச்சியும் அங்கேதான் தைத்தாள். வாய்க்காரி. இரண்டு சிவப்பு வாங்கியாகிவிட்டது.

ஒரு நாள் பெட்டியில் விளக்காக இருந்த எல்.இ.டி. பட்டை கருகிப் போனது. சூப்பர்வைசர் புதுப் பட்டை ஒன்றை வாங்கி வந்து பல்புக்காரியை ஸ்டோர் ரூமுக்கு அழைத்தார்.

"இத மாட்டு. வேற எதையும் தொடாத. அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது."

மூடியைத் திறந்தாள். தட்டிலிருந்து ஒரு கம்பிகூட உள்ளே போகவில்லை. ரிமோட்டுக்கு ஒரு ரிசீவர், ஒரு போர்டு, அவ்வளவுதான். புதுப் பட்டை, பழையதற்கு மாறான நிற வரிசைக்காரப் பட்டை என்பதையும் பார்த்தாள். சொன்னபடியே மாட்டினாள். வேறு எதையும் தொடவில்லை.

மறுநாள் காலை, வழக்கம்போல முதல் கை முதலாளியுடையது. சிவப்பு! சூப்பர்வைசரின் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் எதையோ அழுத்தியது. மறுபடியும் சிவப்பு.

"பெட்டி கெட்டுப்போச்சு," என்றார் முதலாளி.

"இன்னைக்கா கெட்டுச்சு சார்? எனக்குச் சிவப்பு வந்தப்ப நல்லா இருந்துச்சா?" தங்கச்சி விடவில்லை.

"வாய மூடு. உன்ன..." என்று சீறினார் சூப்பர்வைசர்.

பல்புக்காரி முன்னால் வந்து, மூடியைக் கழற்றி, தட்டைத் தனியே தூக்கிக் காட்டினாள். "இதுல கம்பியே இல்ல சார். இது யாரு மனசையும் பாக்கல. உங்க மச்சானோட பாக்கெட்டப் பாருங்க."

பாக்கெட்டில் ரிமோட் இருந்தது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்புக்கு முன்னால் யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும்? தங்கச்சி தன் மெஷினில் போய் உட்கார்ந்தாள். பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போனது. மச்சான் மட்டும் எங்கும் போகவில்லை. சொந்தக்காரன் மனசு எப்போதும் சுத்தம்தானே!

உங்கள் வாசலிலும் இப்படி ஒன்று வரும். கை வைக்காதீர்கள். முதலில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.