சாச்சியின் வேலைக் கொப்பி

உம்மாவின் தங்கை, அதாவது என் சாச்சி, வெளிநாட்டில் ஒரு வீட்டில் பல வருடம் பணிப்பெண்ணாக இருந்துவிட்டுக் கிண்ணியாவுக்கு, எங்கள் வீட்டோடு இருக்க வந்தார். வந்த கையோடு பாலத்தடிக் கடையில் ஒரு கொப்பி வாங்கினார். வீட்டில் செய்யும் வேலையையெல்லாம் நேரம் போட்டு அதில் எழுதத் தொடங்கினார். முற்றம் கூட்டியது, மீன் வெட்டியது, உடுப்புத் தோய்த்தது, எதுவும் தப்பாது. பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்ததும் 'வேலை முடிந்தது' என்று எழுதி, என் அடிமட்டத்தை வைத்துக் கீழே கோடு போடுவார். அதற்குப் பிறகு ஒரு கோப்பையைக்கூடத் தொடமாட்டார். கதிரையில் சாய்ந்துகொண்டு எனக்குத் தலை பின்னிவிடுவார். அதையும் எழுதுங்கள் என்றால், அது வேலை இல்லை என்பார்.

அயல்வீட்டார் வாய்விட்டுச் சிரித்தார்கள். வாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வளைந்து கொடுக்க ஏலாதென்றால் திரும்ப வெளிநாட்டுக்கே போகட்டும் என்று உம்மாவிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். சாச்சிக்கு வேறு போக்கிடம் இல்லை. அவர் போய்விடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொள்வேன்.

ஒருநாள் பொழுதுபட்ட பிறகு வாப்பாவின் மீன் வியாபார வாடிக்கு மீன் கொடுக்கும் படகுக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். உம்மா எங்கள் பள்ளி உடுப்புகளை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தார். சாச்சி கோடு போட்டாயிற்று. தேநீர் வரக் காணாமல் வாப்பா உள்ளே வந்து சாச்சியின் கதிரைக்கு முன்னால் நின்றார்.

"உன்ட சொந்த வீட்டிலயும் நேரம் பார்க்கிறியா புள்ள?"

சாச்சி என் தலைமயிரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சொந்த வீடு எண்டபடியாத்தான் மச்சான் எழுதுறன். அங்க வேலை முடிஞ்சுது எண்டு ஒரு நாளும் ஒருத்தரும் சொன்னதில்ல. நானாச் சொல்லவும் ஏலாம இருந்துது."

உம்மா எழுந்துபோய்த் தண்ணீர் கொதிக்க வைத்தார். வந்தவர்கள் போனபின் வாப்பா அந்தக் கொப்பியை எடுத்து, நின்றபடியே பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தார். வெளிநாட்டுக்குப் போகும் கதை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை. எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வாரம் உம்மா என்னிடம் பழைய பள்ளிக் கொப்பி ஒன்று கேட்டு வாங்கினார். தங்கையைப் பார்த்து அக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே வேடிக்கை. விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியதிலிருந்து ஒவ்வொன்றாக, கோணல் எழுத்தில், பக்கம் நிரம்ப எழுதியிருந்தார். பொழுதுபட்டு நான் எடுத்துப் பார்த்தபோது முடிவு வரி மட்டும் இல்லை.

உம்மாவுக்கு எப்போதுமே மறதி அதிகம். நானே பேனையை எடுத்து, என் அழகான எழுத்தில் 'வேலை முடிந்தது' என்று எழுதி, அடிமட்டம் வைத்து நேராகக் கோடும் போட்டேன். காட்டலாம் என்று கொப்பியோடு குசினிக்கு ஓடினேன். உம்மா நிலத்தில் குந்தியிருந்து சோற்றுப்பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.